முதல் பாக்கு யார் கையிலிருந்து வந்தது?



"ஐஸ்" பிடிபட்டது, "தூள்" பிடிபட்டது என்று பத்திரிகையில் செய்தி வந்தால் லயம் முழுவதும் அதே பேச்சாக இருக்கிறது. பாடசாலைக்குப் பொலிஸ் வரட்டும், நாயைக் கொண்டுவந்து புத்தகப் பைகளைச் சோதிக்கட்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் கோரிக்கை எழுகிறது. கோரிக்கை தவறல்ல. ஆனால் பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தரம் 3, தரம் 4 பிள்ளையின் பையில் நாயின் மூக்குக்கு அகப்படும் எதுவும் இல்லை. போதை அந்தப் பிள்ளையின் கன்னத்துக்குள் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் பாக்கு.

நாம் தினமும் பார்க்கிறோம். கொப்பியை நீட்டும் பிள்ளையின் பல்லில் கறை. உதட்டோரத்தில் சுண்ணாம்பு பட்டு வெந்த புண். மத்தியானச் சோற்றில் சம்பல் எரிகிறது என்று ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைத் தின்னும் பிள்ளை. முதல் பாடத்தில் துள்ளிவிட்டு மூன்றாம் பாடத்தில் மேசையில் தலை வைத்துக் கிடக்கும் பிள்ளை. கேட்டால் "இனிப்புப் பாக்கு சேர்" என்று சிரிக்கிறது. சில நாள் பீடா, சில நாள் "பாபுல்", கொஞ்சம் பெரிய அண்ணன்மாரிடமிருந்து "மாவா". மிட்டாய் வாங்கும் கடையிலேயே, மிட்டாய் வாங்கும் காசுக்கே அது கிடைக்கிறது.

"பாக்கு ஒரு போதையா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்வோம். ஆம், போதைதான். பாக்கில் அரிகோலின் என்ற ஒரு சத்து இருக்கிறது. அது பசியை மந்தமாக்கும், உடம்பைச் சூடாக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். புகையிலையின் நிக்கோட்டின் மூளையில் தொடும் இடத்தை இதுவும் தொடுகிறது. அதனால்தான் இரண்டு நாள் போடாவிட்டால் வாய் தேடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலைக்கூறும் வெறும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறது. "புகையிலை போடாமல் மெல்லுகிறேன், ஒன்றும் செய்யாது" என்ற ஆறுதல் அன்றோடு முடிந்துவிட்டது.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். நமது சபரகமுவ மாகாணத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, பத்தில் ஒருவருக்கு மேல், பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் வாயில் இருப்பதைக் கண்டது. வெற்றிலை போடும் பழக்கமே அதற்குப் பெரிய காரணம் என்றது. அதில் ஒரு வகை நோய் வந்தால் வாயின் உட்தசை நார் நாராக இறுகிவிடும். முதலில் உறைப்பு எரியும். பிறகு வாய் திறக்காது. இரண்டு விரல் நுழைய இடமில்லாமல் போகும். இறுகிய வாய் பழையபடி திரும்புவதில்லை. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் பஸ் ஏறும் நமது ஆட்களுக்கு இது தெரியும். நாற்பதில் வரும் அந்த நோய்க்கு விதை எட்டு வயதில் போடப்படுகிறது என்பதுதான் பேசப்படாமல் இருக்கிறது.

இனி, சாக்குகளைப் பார்ப்போம்.

"வெற்றிலை நமது கலாசாரம்" என்கிறார்கள். தாம்பூலம் தட்டில் இருக்கட்டும். கல்யாணத்துக்கும் சாமிக்கும் வைக்கட்டும். எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் அதை வைப்பது எந்தச் சம்பிரதாயம்? அப்பாயிக்கு உரலில் வெற்றிலை இடித்துக் கொடுக்கும் பேரப்பிள்ளைக்கு அன்பாக ஒரு துணுக்குக் கிடைக்கிறது. பல்வலிக்கு ஒரு துணுக்கு. குளிருக்கு ஒரு துணுக்கு. அழுகையை நிறுத்த ஒரு துணுக்கு. முதல் பாக்கைக் கொடுத்தது கள்ளக்கடத்தல்காரன் அல்ல. நம் மடியில் இருக்கும் வெற்றிலைப் பைதான் முதல் கடை.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் பெற்றோர்தான் குற்றவாளிகள், தோட்டத்து ஆட்களே இப்படித்தான்" என்று ஓடி வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் விடப்போவதில்லை.

மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்து எடுக்கும் பெண் ஏன் வெற்றிலை போடுகிறாள்? காலையில் ரொட்டியும் சாயத் தண்ணியும் குடித்துப் பெரட்டுக்குப் போனவளுக்கு மத்தியானம் வரை பசி தெரியாமல் இருக்க வேண்டும். நிறை குறைந்தால் அரைப் பேர். அரைப் பேருக்குப் பயந்து குனிந்த தலை நிமிராமல் நிற்பவளுக்கு மலையில் கிடைக்கும் மலிவான மருந்து அதுதான். பால் வெட்டப் போகும் றப்பர் தோட்டத்திலும் இதே கதை. 2016ஆம் ஆண்டின் தேசிய குடிசன, சுகாதார அளவீட்டின்படி தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றியவர்கள். நாடு முழுவதற்கும் அது 17. இந்தப் பிள்ளைகள்தான் தரம் 1க்கு வருகிறார்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாக்கு பசியடக்கி. சோற்றைக் கொடுக்காத சமூகம் பாக்கைப் பிடுங்க மட்டும் வருவது நியாயமா?

வீட்டைப் பாருங்கள். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை. அப்பா குடித்துவிட்டு வந்தால் பிள்ளை ஒளிய ஒரு மூலை கிடையாது. அம்மா மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ வீட்டு வேலையில். பாடசாலை விட்டு வந்த பிள்ளை மாலை முழுவதும் யாரோடு இருக்கிறது? தரம் 9இலோ அதற்கு முன்போ படிப்பை விட்ட அண்ணன்மாரோடு, கடை வாங்கிலும் வாசகசாலைத் திண்ணையிலும். விளையாட ஒரு தட்டையான நிலம் இருந்தால் பந்து உருளும். அது இல்லாத இடத்தில் பொட்டலம் கைமாறுகிறது. வீட்டில் குடி, வயிற்றில் பசி, கையெட்டும் தூரத்தில் சரக்கு, பார்த்துக்கொள்ள ஆளில்லாத மாலைகள், பாடத்தில் பின்தங்கிய அவமானம். இந்த ஐந்தும் ஒரே பிள்ளையின் தலையில் விழும்போது அந்தப் பிள்ளையைக் "கெட்ட பிள்ளை" என்பது பொய்.

அடுத்தது கடைக்காரர். "நான் விற்காவிட்டால் அடுத்தவன் விற்பான்" என்பது அவரது பதில். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் புகையிலைப் பொருளையோ மதுவையோ விற்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. "அப்பாவுக்குத்தான் வாங்குகிறேன்" என்று பிள்ளை சொன்னாலும் விற்கக் கூடாது. புகையிலை கலந்து பொட்டலமாக வரும் பாக்கு வகைகளுக்கு 2016ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. எனவே பிள்ளையின் கையில் ஒற்றைச் சிகரெட்டைக் கொடுத்து அனுப்பும் கடைக்காரர் குற்றம் செய்கிறார். அதை வாங்கி வரச் சொல்லிப் பிள்ளையை அனுப்பும் தகப்பன் அந்தக் குற்றத்துக்கு வழி செய்து கொடுக்கிறார். பாக்கு மட்டும் உள்ள இனிப்புப் பொட்டலத்தில் புகையிலை இல்லை என்று சட்டத்தின் ஓட்டைக்குள் நுழைபவரும் உண்டு. சட்டம் எட்டாத இடத்தில் தோட்டத்தின் கட்டுப்பாடு எட்ட வேண்டும். நமது காசில் ஓடும் கடை அது.

சட்டம் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாடு சாட்சி. அங்கே 2013இல் குட்கா தடைசெய்யப்பட்டது. தடைக்குப் பிறகும் திருட்டு விற்பனை நடந்தது, லஞ்ச வழக்கு வரை போனது. தைவானில் வேறு விதமாகச் செய்தார்கள். பாக்கு மரத்தை வெட்டி மாற்றுப் பயிர் வைக்க விவசாயிக்கு அரசு பணம் கொடுத்தது. பாக்கு மெல்லுபவர்களுக்கு இலவச வாய்ப் பரிசோதனை வைத்தது. மக்களுக்கு மாற்று வழி கொடுத்தால் பழக்கம் குறையும் என்பதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

நமது அரசு என்ன செய்தது? 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் ஒரு பட்டியல் வைக்கப்பட்டது. அந்த ஓராண்டில் மட்டும் கொடுக்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் 300க்கு மேல். தோட்டப் பாடசாலைக்கு ஒரு மலசலகூடம் கேட்டால் கடிதம் மேசை மேசையாக ஏறி இறங்குகிறது. மதுக்கடைக்கு மட்டும் பேனா வேகமாக ஓடுகிறது. சம்பள நாளில் மதுக்கடைக்கும் கசிப்புக் காய்ச்சுபவனுக்கும் போகும் பணம் முதலில் பிள்ளையின் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தேர்தல் வந்தால் போத்தலோடு லயத்துக்கு வரும் பெரியவர்களும், திருவிழா இரவில் கோயிலுக்குப் பின்னால் ஊற்றிக் கொடுக்கும் சின்னவர்களும், அந்த இரவில் பிள்ளைகள் விழித்திருந்து பார்க்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி நம் சங்கத்துக்குள்ளேயே வருகிறது. "சங்கம் சம்பளத்துக்குப் போராடட்டும். பாக்கும் பிள்ளையும் சங்கத்துக்கு என்ன வேலை?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் வீதியில் நின்றோம்! அது 2021இல்தான் கைக்கு வந்தது. அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது 2024 செப்டெம்பரில். ஒரு குடும்பத்தில் வெற்றிலைக்கும் புகையிலைக்கும் சிகரெட்டுக்கும் சேர்த்து நாளுக்கு 100 ரூபாய் போகிறது என்று வையுங்கள். மாதம் 3000. அந்த 1350 ரூபாய்க் கணக்கில் இரண்டு நாள் பேருக்கு மேல் அப்படியே போய்விட்டது. குடிக் கணக்கை இதில் சேர்க்கவே இல்லை. துரையிடம் சண்டை போட்டு வாங்கிய உயர்வைக் கடைக்காரரின் லாச்சிக்குள் போட்டுவிட்டு வெறுங்கையோடு வருவதா போராட்டத்தின் வெற்றி? அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. தலை நிமிர்த்திப் பாடம் கேட்க முடியாத பிள்ளை தரம் 5ஐத் தாண்டத் தடுமாறும். பதினாறில் படிப்பை விடும். பிறகு அதே மலை, அதே கூடை, அதே பெரட்டு. மலிவான கைகள் தேவைப்படுபவர்களுக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை. எனவே இது சங்கத்தின் வேலைதான்.

நாம் முன்வைப்பவை இவை.

தோட்டக் கமிட்டிகளுக்கு: பாடசாலைப் பாதையில் உள்ள ஒவ்வொரு கடைக்கும் கமிட்டியும் மாதர் தலைவியும் சேர்ந்து போங்கள். பிள்ளைகளுக்குப் பாக்கு, பீடா, சிகரெட் விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். ஒப்பாத கடையில் யாரும் கடன் கணக்கு வைக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் கமிட்டியின் பெயரில் எழுத்தில் முறையிடுங்கள். கசிப்பு, சட்டவிரோத மது பற்றி மதுவரித் திணைக்களத்தின் 1913க்கும், பிள்ளைகள் வதைபட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கும் அழையுங்கள். சங்கத்தின் எந்த நிகழ்விலும் மது இருக்கக் கூடாது.

வீடுகளுக்கு: கடைக்குப் பிள்ளையை அனுப்பினால் அரிசிக்கும் பருப்புக்கும் அனுப்புங்கள். வெற்றிலைக்கும் சிகரெட்டுக்கும் பெரியவர்களே நடக்கட்டும். வெற்றிலையை விட முடியாத முதியவர்களை யாரும் ஏச வேண்டாம். ஆனால் உரலும் பையும் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளைத் தழும்பு, ஆறாத புண், உறைப்பு எரிவு இருந்தால் உடனே பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

பாடசாலைகளுக்கும் அரசுக்கும்: பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் ஒவ்வொரு பிள்ளையின் வாயும் பார்க்கப்பட வேண்டும். காலை உணவு முதல் பாடத்துக்கு முன் கிடைக்க வேண்டும். பாக்கோடு பிடிபட்ட பிள்ளையை அடிப்பதும், வரிசையில் நிறுத்தி அவமானப்படுத்துவதும், பெயரை வெட்டி வீட்டுக்கு அனுப்புவதும் கூடாது. பாடசாலையை இழந்த பிள்ளைக்குக் கடை வாங்குதான் மிஞ்சும்.

நிர்வாகங்களுக்கு: மலையில் குடிக்கச் சூடான தேநீரும் மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டிலும் கொடுங்கள். பிள்ளைக் காம்பரா பாடசாலைப் பிள்ளைகளுக்கு மாலையிலும் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு பிரிவிலும் விளையாட ஒரு துண்டு நிலம் ஒதுக்குங்கள். இவற்றை நாம் தயவாகக் கேட்கவில்லை, கோரிக்கைப் பட்டியலில் எழுதித் தருகிறோம்.

பலாங்கொடை, பின்னவலை, இறக்குவானை, காவத்தை என்று நமது கிளைகள் இருக்கும் இடமெல்லாம் அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் முதல் விடயமாக இதை எடுங்கள். சம்பளம், வீடு, காணி எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். அவற்றை நாம் கேட்பதே இந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.