மல்லாட்டை எண்ணெய் காறிப்போச்சா? கேனைத் திறந்ததும் முதலில் இதைச் செய்யுங்க!

போன சித்திரையில் குறிஞ்சிப்பாடியிலிருந்து சென்னைக்குக் கிளம்பும்போது, அத்தை 5 லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்தார். அவர் கொல்லையில் விளைந்த மல்லாட்டையைச் செக்கில் கொடுத்து ஆட்டிய எண்ணெய். வேர்க்கடலைக்கு எங்க ஊரில் மல்லாட்டை என்றுதான் பெயர்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் பூரி சுட எண்ணெயைக் காயவைத்தேன். வீடு முழுக்கப் பழைய பெயின்ட் டப்பா வாடை! கேனில் இன்னும் 2 லிட்டர் மிச்சம். 5 லிட்டர் எண்ணெய் எடுக்கப் பத்து கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். அத்தையிடம் எப்படிச் சொல்வது?

எண்ணெய் ஏன் காறுது?

காரணம் காற்று. எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் ஆக்ஸிஜனோடு சேரும்போது காறல் வாடை வரும். வெளிச்சமும் சூடும் இதை வேகப்படுத்தும். 5 லிட்டர் கேனில் 2 லிட்டர்தான் இருக்கிறது என்றால், மீதி 3 லிட்டரும் காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகும். என் கேன் இருந்த இடமோ, அடுப்புக்குப் பக்கத்திலேயே!

திறந்த ஒயின் பாட்டிலுக்கும் இதே தொல்லைதான். காற்றுப்பட்டால் சில நாளிலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். அதனால் மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடி, ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். நம்ம எண்ணெய்க்கும் இந்த வழி சரிப்பட்டு வரும்.

என்ன செய்யலாம்?

* கேன் வந்த அன்றே 1 லிட்டர், அரை லிட்டர் பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றி இறுக்கி மூடுங்கள். ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறங்கள்.
* செக்கு எண்ணெயில் அடியில் கசடு தங்கும். தெளியவைத்து, மேலாக இறுத்து ஊற்றுங்கள்.
* பாட்டிலில் சொட்டு ஈரமும் இருக்கக் கூடாது.
* எவர்சில்வர் அல்லது அடர்நிறக் கண்ணாடி நல்லது. செம்பு, இரும்புப் பாத்திரம் வேண்டாம். அவை காறலைச் சீக்கிரம் கொண்டுவரும்.
* அடுப்பு மேடையில் வைக்காமல், இருட்டான அலமாரியில் வையுங்கள்.
* வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயைப் புது எண்ணெயோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

எது சீக்கிரம் கெடும்?

சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் காறும். நல்லெண்ணெயில் இயற்கையாகவே உள்ள செசமால் போன்ற பொருள்கள் அதைக் காக்கும். தேங்காய் எண்ணெயும் காற்றைத் தாங்கும். ஆனால் ஈரம் பட்டால் கெட்டுவிடும். கடலை எண்ணெய் இவற்றுக்கு நடுவில்.

கடைசியில் அத்தைக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தால், “கேனோடவா வெச்சிருந்த? பாட்டில்ல ஊத்தி வெக்கத் தெரியாதா? அத வாயில வெக்காத, வெளக்குக்கு ஊத்து” என்றார். 

இந்த வருஷம் கேன் வரவில்லை. துணி சுற்றிய ஐந்து பாட்டில்கள் வந்திருக்கின்றன. நான்கு அலமாரிக்குள் இருட்டில், ஒன்றுதான் திறந்திருக்கிறது.

உங்க வீட்டு எண்ணெய் எங்கே இருக்கு? இப்பவே மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பாருங்க!