நாவுக்குச் சோதனை, நுரையீரலுக்கு வேதனை!

பண்டத்தைச் சோதித்துப் பார்த்து விற்பவனை வர்த்தகன் என்கிறோம். முதலில் விற்றுவிட்டு, வாங்கியவனுடைய உடம்பிலே சோதனை நடத்துபவனுக்கு என்ன பெயர் சூட்டுவது? அமெரிக்க நாட்டிலே இலத்திரனியல் சிகரட்டுக்கான சுவைத் திரவங்களை விற்கும் கொம்பனிகளை நோக்கி நாம் எழுப்பும் கேள்வி இதுவே.

அத்திரவத்தின் சேர்மானம் பரம இரகசியமன்று. கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல் என்னும் இரு நீர்மங்கள், நிக்கொட்டின், இவற்றோடு மாம்பழம், வனிலா, கறுவா என்று எண்ணற்ற சுவையூட்டிகள். மின்னால் சூடேறும் கம்பிச் சுருள் இதனை ஆவியாக்க, பாவிப்பவர் அதனை நெஞ்சுக்குள் இழுக்கின்றார். புதிய சுவை ஒவ்வொன்றும் சோதிக்கப்படுகின்றதாம்! ஆம், இனிப்புப் போதுமா, மணம் நிலைக்கின்றதா, தொண்டை கரிக்கின்றதா என்று சோதிக்கின்றார்கள். நாக்கு 'நன்று' என்றதும் திரவம் போத்தலில் அடைபடுகின்றது. நுரையீரலின் சாட்சியத்தைக் கேட்டவர் யார்?

'உணவிற் சேர்க்கத் தக்கவை என ஒப்புக்கொள்ளப்பட்ட சுவையூட்டிகளே இவை' என்பது அவர்கள் ஏந்தும் கேடயம். அது ஓட்டைக் கேடயம்! அந்தத் தகுதி உண்பதற்கு மட்டுமே உரியது, ஆவியாக்கிச் சுவாசிப்பதற்கு அன்று என்று அமெரிக்கச் சுவையூட்டி உற்பத்தியாளர் சங்கமே பகிரங்கமாகக் கூறியுள்ளது. வயிற்றுக்குள் இறங்கும் பொருளும் சுவாசப்பைக்குள் புகும் பொருளும் ஒன்றாகுமா?

ஒன்றாகாது என்பதை மிசூரி மாநிலத்து ஜாஸ்பர் என்னும் ஊரின் சோளப்பொரி ஆலைத் தொழிலாளர்கள் தம் மூச்சை விலையாகக் கொடுத்து உலகுக்கு உணர்த்தினார்கள். வெண்ணெய் மணம் தரும் டைஅசெற்றைல் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட பொருள். அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்களுக்கோ நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபட்டன. அது மீளா நோய். இவ்வுண்மை 2000ஆம் ஆண்டில் அம்பலமாயிற்று. 2015ஆம் ஆண்டில் ஹாவார்ட் ஆராய்ச்சியாளர் 51 வகைச் சுவைகளைச் சோதித்தபோது, 39 வகைகளில் அதே டைஅசெற்றைல் இருந்தது! 'அளவு சிறிது' என்பார்கள். எவ்வளவு சிறிதானால் தீங்கில்லை என்பதை விற்குமுன் நிறுவினீர்களா?

சட்டம் கேட்டதும் அந்த நிரூபணத்தைத்தான். பொதுமக்களின் சுகாதாரத்துக்கு உகந்ததெனக் காட்டுக என்றது அமெரிக்க உணவு மருந்து நிருவாகம். காட்ட முடியாத பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சுவைத் திரவங்களை அது நிராகரித்தது. 'விதியை இடையிலே மாற்றிவிட்டார்கள்' என ஓலமிட்டு நீதிமன்றம் ஏறினர் விற்பனையாளர். 2025 ஏப்ரல் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் நீதியரசர்கள் அவ்வாதத்தை ஏகமனதாக ஏற்க மறுத்தனர். அவ்வழக்கிலே அடிபட்ட திரவம் ஒன்றின் பெயர் யாது தெரியுமா? 'அன்னையின் பாலும் பிஸ்கட்டும்' என்று பொருள்படும் பெயர்! நஞ்சுக்குத் தாய்ப்பாலின் நாமமா?

புகைப்போர் சிகரட்டைக் கைவிட இச்சுவைகள் துணையாகும் என்பது மற்றொரு வாதம். எரியும் சிகரட்டிலும் இதிலே நஞ்சு குறைவென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், 2019ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்பாடசாலை மாணவருள் 27.5 வீதத்தினர் இதனைப் பாவித்தனரே! அவர்கள் எல்லாம் எந்தச் சிகரட்டைக் கைவிடுவதற்காக மாம்பழச் சுவையை நாடினார்கள்? 2024இல் அத்தொகை 7.8 வீதமாகக் குறைந்தது. அது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் இடைப்பட்ட ஆண்டுகளில் அடிமைப்பட்ட பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

நாம் கோருவது ஒன்றே: முதலில் நிறுவுக, பின்னர் விற்க. நிறுவ இயலாதெனில் கடையை மூடுக. மனிதனுடைய நுரையீரல் எந்தக் கொம்பனியினதும் சோதனைச்சாலை அன்று!