திரைக்கு வந்த உழவனும் திரைக்கு வராத கமக்காரனும்

அண்மையில் நாம் இரு தமிழ்ப் படங்களைப் பார்த்தோம். ஒன்று, 2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வெளிவந்த 'கடைசி விவசாயி'. மற்றது, 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த 'வாழை'. இரண்டும் தமிழகத்துப் படங்கள். இரண்டும் மண்ணை நம்பி வாழும் மக்களைப் பற்றியவை. படக்காட்சியைப் பற்றி அரசியல் வார இதழொன்று எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் புருவம் நெரிக்கக் கூடும். நிலமும் நீரும் கூலியும் நீதிமன்றமும் அரசியல் அல்லவென்றால் வேறு எதுதான் அரசியல் என்பதே அவர்களுக்கு எமது மறுமொழி.

தமிழ்த் திரையில் உழவன் தோன்றுவது புதுமையன்று. 1967ஆம் ஆண்டில் 'விவசாயி' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. எமது நாட்டின் மலைப்பகுதியில் பிறந்து, பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சராக உயர்ந்த எம். ஜி. இராமச்சந்திரன் அதில் உழவனாக நடித்தார். அப்படத்தின் பாட்டு இன்றும் எமது கிராமங்களில் ஒலிக்கிறது. அக்காலப் படங்கள் உழவனைப் போற்றின. அவனுக்குப் பாமாலை சூட்டின. ஆயினும் விதைத்த நெல் எத்தனை நாளில் கதிர் தள்ளும், எந்த வேளையில் அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் தவறினால் என்ன ஆகும் என்பவற்றை அவை காட்டவில்லை. உழவன் வீரனாக வந்தான், பாடகனாக வந்தான், காதலனாக வந்தான். உழவனாக மட்டும் வரவில்லை.

ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த 'கடைசி விவசாயி' அந்தக் குறையைத் தீர்த்திருக்கிறது. அதன் நாயகர் எண்பது வயதைக் கடந்த மாயாண்டி என்னும் முதியவர். ஊரிலே பலரும் நிலத்தை விற்றுவிட்டனர். நிலத்தை விற்று யானை வாங்கி, அதைக் கொண்டு பிழைப்பவனும் அங்கே இருக்கிறான். குலதெய்வத்துக்கு நெடுநாளாக நடைபெறாத திருவிழாவை நடத்த ஊர் முடிவு செய்கிறது. விழாவுக்குப் புதுநெல் வேண்டும். அதை விளைவிக்கக் கூடியவர் மாயாண்டி ஒருவரே. அவர் நாற்று நட்டுக் காத்திருக்கும் வேளையில், வயலில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைக்கிறார். மயில் இந்தியாவின் தேசியப் பறவை. அதைக் கொல்வது அங்கே குற்றம். கொன்றவர் அவரே என்று பொலீசார் வழக்குப் பதிகின்றனர். முதியவர் விளக்கமறியலுக்குப் போகிறார். பயிர் தனித்து நிற்கிறது.

இயக்குநர் மணிகண்டன் இந்தக் கதைக்குப் பெயர்பெற்ற நடிகர் ஒருவரை நாயகராக்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமவாசியான நல்லாண்டி என்ற முதியவரையே நடிக்க வைத்தார். அம்முதியவர் மண்வெட்டியைப் பிடிக்கும் பிடியையும், வரப்பில் கால் வைக்கும் முறையையும் எந்த நடிப்புப் பள்ளியும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. படம் வெளிவருமுன்னரே அவர் காலமானார். 2023இல் அறிவிக்கப்பட்ட இந்தியத் தேசிய விருதுகளில் இப்படம் சிறந்த தமிழ்ப் படமாகத் தெரிவாயிற்று. நல்லாண்டியின் நடிப்பும் சிறப்புக் குறிப்புப் பெற்றது. பாராட்டைக் கேட்க அவர் இருக்கவில்லை.

இப்படத்தில் எமது உள்ளத்தைத் தொட்ட இடம் நீதிமன்றக் காட்சியே. நீதவான் ஒரு பெண். முதியவர் குற்றமற்றவர் என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் வழக்குப் பதிவாகிவிட்டது. சட்டம் தன் படிகளில் ஒவ்வொன்றாக ஏறித்தான் ஆகவேண்டும். முதியவருக்கோ சிறையைப் பற்றிக் கவலையில்லை. தண்ணீரின்றி நிற்கும் பயிரைப் பற்றியே கவலை. ஈற்றில், பொலீஸ்காரர் ஒருவரே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுமாறு அனுப்பப்படுகிறார். இதைக் கண்டு சிரித்தோர் பலர். நாமும் சிரித்தோம். ஆனால் சிரித்து முடிந்த பின்னர் ஒரு கேள்வி மிஞ்சி நின்றது. அலுவலகத்துக்கு ஒரு காலம், பயிருக்கு ஒரு காலம் என்று இரண்டு காலங்கள் இருக்கின்றன. கோப்பு அடுத்த தவணைக்குக் காத்திருக்கும், கதிர் காத்திராது. இந்த வேறுபாட்டை எமது உத்தியோகத்தர்களில் எத்தனை பேர் அறிவர்?

கேள்வி வெறும் கற்பனையன்று. அப்படம் திரைக்கு வந்த அதே மாதத்தில் எமது நாட்டில் பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. அது எத்தகைய அறுவடை என்பதைக் கமக்காரருக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தியது. ஆனால் அதற்குள் விதைப்புக் காலம் வந்துவிட்டது. உரம் இன்றியே பயிர் வளர்ந்தது. விளைச்சல் படுவீழ்ச்சி கண்டது. நெல் விளையும் நாடு அரிசியை வெளியில் வாங்கியது. இயற்கை உரம் நல்லதா கெட்டதா என்ற வாதத்தில் நாம் இறங்கவில்லை. ஓர் இரவில் ஆணை பிறப்பித்து மண்ணை மாற்றிவிடலாம் என்று நினைத்தவர்கள் கல்வியறிவு இல்லாதவர்கள் அல்லர். வயலறிவு இல்லாதவர்கள் என்றே சொல்கிறோம். மாயாண்டியைச் சிறைக்கு அனுப்பிய அதிகாரமும் அத்தகையதே. அதற்குக் குரோதம் இல்லை. பயிரைப் பற்றிய எண்ணமே இல்லை. குரோதத்தை எதிர்த்து நின்று போராடலாம். எண்ணமில்லாமையோடு எங்ஙனம் போராடுவது?

எமது வைத்தியர், சட்டத்தரணி, பொறியியலாளர், ஆசிரியர், எழுதுவினைஞர் ஆகியோரில் பெரும்பாலோர் ஒரு தலைமுறைக்கோ இரு தலைமுறைக்கோ முன்னர் தோட்டத்தாலும் வயலாலும் படிப்பிக்கப்பட்டவர்களே. தகப்பன் புகையிலை விற்ற காசில் பட்டம் பெற்ற மகன், அலுவலகக் கதிரையில் இருந்து இன்னொரு கமக்காரனை 'நாளைக்கு வா' என்று அனுப்பும் காட்சி எமது ஊர்களில் அரிதன்று. அத்தகையவர்கள் இப்படத்தை ஒருமுறை பார்த்தல் நன்று.

படத்தில் குறையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். மாயாண்டிக்குக் கடன் இல்லை. சந்தையில் விலை வீழ்ந்ததென்ற கலக்கமும் இல்லை. விதையைப் பற்றிப் பேசும் படம் விலையைப் பற்றி வாய் திறப்பது குறைவு. வெங்காயம் விளைந்தும் விலையின்றி வாடிய எமது கமக்காரருக்கு இது பெருங் குறையாகவே படும். மயிலைத் தெய்வப் பறவையாகவே காட்டும் படம், அது கதிரையும் கொத்தித் தின்னும் என்பதை வன்னி வயற்காரரிடம் கேட்டறிந்திருக்கலாம்.

இனி 'வாழை'. மாரி செல்வராஜ் தமது இளமைக் காலத்தை வைத்து எடுத்த படம் இது. தாமிரபரணிப் பக்கத்துக் கிராமம். சிவனைந்தன் என்ற சிறுவன் பள்ளியில் கெட்டிக்காரன். ஆனால் விடுமுறை நாட்களில் வாழைக்குலை சுமக்க வேண்டும். குடும்பம் முற்பணம் வாங்கியிருக்கிறது. சுமப்போர் குலைக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கின்றனர், கிடைக்கிறது. கொடுத்த ரூபாயை வேறு வழியில் மிச்சம் பிடிக்கிறான் வியாபாரி. தொழிலாளரைக் குலைகளின் மேலேயே ஏற்றி லொறியை அனுப்புகிறான். லொறி கவிழ்கிறது. அன்று களவாய்ப் பள்ளிக்குப் போன சிறுவன் பிழைக்கிறான். அவனுடைய அக்காள் பிழைக்கவில்லை.

சாவுக் காட்சிகளில் இசையும் அழுகையும் அளவு மீறிவிட்டன என்பது எமது கருத்து. அடக்கிச் சொல்லியிருந்தால் அந்தத் துயரம் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். ஆயினும் பசியோடு ஒரு பழத்தைப் பறித்ததற்காகத் தோட்டக்காரனிடம் சிறுவன் அடிவாங்கும் காட்சி எளிதில் மறக்கக் கூடியதன்று. அவன் நாள்தோறும் சுமப்பது அதே பழத்தைத்தான்.

நீர்வேலியிலும் கோப்பாயிலும் வாழை வைத்திருக்கும் எமது வாசகர்களுக்கு இப்படம் ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்கிறது. முதற்படம் நிலமுள்ள உழவனின் கதை. அதைப் பார்த்து நாம் கண்ணீர் விடுவது எளிது. இரண்டாவது, நிலமற்றவரின் கதை. எமது தோட்டங்களில் குலை வெட்டியவர் யார்? சுமந்தவர் யார்? அவருக்கு எந்தப் பாத்திரத்தில் தேநீர் கொடுத்தோம்? அரசாங்கத்திடம் நீதி கேட்கும் இனம், தன் வேலிக்குள்ளே அதே நீதியைக் கொடுத்ததா என்று உலகம் கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்வது முறை. கமக்காரரின் பத்திரிகை என்று சொல்லிக்கொண்டு, கமத்தில் கூலிக்கு நின்றவரை மறப்பது எமக்கு அழகன்று.

இவ்விரு படங்களையும் பார்த்த பின்னர் எழுந்த கவலை வேறொன்று. எங்கே எமது படம்? எமது நாட்டில் தமிழ்ப் படங்கள் எடுக்கப்படாமல் இல்லை. 1972இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராசா தயாரித்த 'குத்துவிளக்கு' வந்தது. 1977இல் காவலூர் இராசதுரையின் கதையில், சிங்களவரான தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' வந்தது. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் அது மறைக்காமல் காட்டியது. 1978இல் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' என்ற அதே பெயரில் படமாயிற்று. 1983 ஆடி மாதத்தில் கொழும்புக்கு அண்மையிலுள்ள ஹெந்தளையில் இருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. திரைப்படச் சுருள்களும் எரிந்தன. பின்னர் போர். இவை உண்மையான காரணங்கள். ஆனால் எரியாமல் எஞ்சிய 'பொன்மணி'யை எம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தமிழக நடிகரின் பிறந்த நாளை அறிந்த இளைஞன், எமது படத்தின் பெயரையேனும் அறிவானா?

சொல்லப்படாத கதைகளோ ஏராளம். 1990இல் வலிகாமம் வடக்கின் செம்மண்ணை விட்டு வெளியேறி, திரும்பிப் போகப் பல்லாண்டுகள் காத்திருந்த கமக்காரரின் கதை இருக்கிறது. காத்திருந்தே கண்மூடியவரின் கதையும் இருக்கிறது. போருக்குப் பின்னர் வன்னியில் கண்ணிவெடி அகற்றிய நிலத்தில் முதல் விதைப்பை விதைத்த பெண்ணின் கதை இருக்கிறது. உரமின்றிப் போன அந்தப் பெரும்போகத்தின் கதை இருக்கிறது. இவற்றை மதுரையில் இருந்து ஒருவர் வந்து எடுக்கமாட்டார். எடுக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஊர்தோறும் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் இருக்கின்றன. இவ்விரு படங்களையும் 'பொன்மணி'யையும் முறைப்படி அனுமதி பெற்று அங்கே காட்டுங்கள். காட்டிய பின் கலைந்து போகாமல், கமக்காரரும் உத்தியோகத்தரும் கூலியாளரும் ஒரே பாயில் இருந்து பேசுங்கள். படம் எடுக்கும் ஆற்றல் கொண்ட இளைஞர் எமது ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உத்தியோகத்தர் பணம் கொடுக்கட்டும். எந்த மாதத்தில் நாற்று நடுவது, எந்தக் காற்றில் தூற்றுவது என்பதைக் கமக்காரர் சொல்லிக் கொடுக்கட்டும். மாயாண்டியின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச நீதவானின் கட்டளை வேண்டியிருந்தது. எமது வயலுக்கு நாமே பாய்ச்சுவதற்கு யாருடைய கட்டளைக்காகக் காத்திருக்கிறோம்?