யாருக்குப் பேராசை?

பள்ளிபாளையத்தில் சிறுநீரகம் விற்ற விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "பணத்துக்கு ஆசைப்பட்டு வித்தாங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கூடவே "பேராசை பெருநட்டம்" என்று பழமொழி வேறு. தோழர்களே, இந்தச் சொல்லை நாம் சும்மா விடக் கூடாது.

முதலில் அதன் பொருளைப் பார்ப்போம். குறளில் 'வெஃகாமை' என்று தனி அதிகாரமே இருக்கிறது. வெஃகுதல் என்றால் பிறர் பொருளைக் கவர நினைப்பது. பௌத்தமும் தீமையின் மூன்று வேர்களில் ஒன்றாக லோபத்தைச் சொன்னது. நம் மரபில் பேராசைக்காரன், அடுத்தவர் உடைமைமேல் கண் வைப்பவன்.

இதைத் தலைகீழாக்கியது மனுநூல். திறமை இருந்தாலும் சூத்திரன் செல்வம் சேர்க்கக் கூடாது என்கிறது அதன் 10ஆம் அத்தியாயம். சண்டாளனுக்குச் சொத்து நாயும் கழுதையும்தானாம். 8ஆம் அத்தியாயம் வட்டியையும் வர்ணப்படி பிரிக்கிறது: மாதம் நூற்றுக்குப் பிராமணனிடம் 2, சத்திரியனிடம் 3, வைசியனிடம் 4, சூத்திரனிடம் 5. கீழே இருப்பவன் சேர்த்தால் குற்றம், கடன் வாங்கினால் கூடுதல் வட்டி.

இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. தறிப்பட்டறையில் வேலைக்குச் சேரும்போது முதலாளி அட்வான்ஸ் கொடுக்கிறார். அது அடையும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. நூல் விலை ஏறினால் தறி நிற்கும், கூலி நிற்கும். வட்டி மட்டும் நிற்காது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்தது. ஆனாலும் அந்தக் கும்பலைத் தட்டிக் கேட்ட மார்க்சிஸ்ட் கட்சித் தோழர் வேலுச்சாமி 2010இல் இதே பள்ளிபாளையத்தில் படுகொலை செய்யப்பட்டார்.

வட்டி கட்ட வழியில்லாதவர் வீட்டு வாசலுக்குத்தான் கிட்னி புரோக்கர் வருகிறார். 2025 ஜூலையில் விவகாரம் வெடித்தபோது, திருச்சியிலும் பெரம்பலூரிலும் உள்ள 2 தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமத்தை அரசு நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உறவினர் அல்லாதவருக்குச் சிறுநீரகம் தர வேண்டுமானால் அது அன்பினால் தருவதாக இருக்க வேண்டும். அனுமதிக் குழுவும் ஒப்ப வேண்டும். முன்பின் அறியாதவர்மேல் கடனாளிக்கு அன்பு பொங்கியதாகக் காகிதம் தயாரானது. அதே சட்டத்தில் விற்றவரும் குற்றவாளி. அதனால் ஏமாந்தவர் காவல் நிலையத்துக்கே போகத் தயங்குகிறார். புரோக்கருக்கு இதைவிடப் பாதுகாப்பு எது?

நாம் கேட்க வேண்டியவை மூன்று. விற்றவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாக நடத்து. அவர்களுக்கு ஆயுள் முழுக்க இலவச மருத்துவம் கொடு. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. ஒவ்வொரு தறிப்பட்டறை அட்வான்ஸையும் அந்தச் சட்டத்தின் கீழ் விசாரி.

ஒருவர் தன் உடம்பை அறுத்துக் கடனை அடைத்தார். இன்னொருவர் அந்தப் பணத்தையும் வட்டியாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இவர்களில் யாருக்குப் பேராசை என்று அந்தப் பழமொழிக்காரர்களிடம் கேளுங்கள்.

ஜெய் பீம்!