இழப்பின் நூல்கள் எந்த அலமாரியில்?

1960களில் கனரக வாகனத் தொழிற்சாலையையும் தொழிற்பேட்டையையும் நம்பி ஆவடியிலும் அம்பத்தூரிலும் வந்து குடியமர்ந்த தலைமுறை இன்று முதுமையின் இறுதிக்கட்டத்தில் இருக்கிறது. படுத்த படுக்கையானவரைப் பேணுவதையும், இறந்தவருக்குரிய சடங்குகளையும், தாயை இழந்த குழந்தையைத் தேற்றுவதையும் சொந்த ஊரில் உறவும் தெருவும் அறிந்திருந்தன. பூந்தமல்லி வரை நீண்டுவிட்ட அடுக்குமாடிகளில் அவ்வறிவு வாய்மொழியாகக் கிடைப்பது அரிதாகிவிட்டதால், அதை எழுத்தில் தேடி வருவோர்க்குக் கிளை நூலகங்கள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

நூல்கள் இல்லாமை மட்டுமே இங்குத் தடையன்று. இருப்பவையும் சிதறிக் கிடக்கின்றன. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் தூயி தசமப் பகுப்பைப் பின்பற்றும் நூலகத்தில் இறப்பின் உளவியல் 155.937-இலும், நோயைக் குணப்படுத்த இயலாத நிலையில் வலியையும் துயரையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சை 616.029-இலும், ஈமச்சடங்குகள் 393-இலும் அமைய, கையறுநிலைப் பாடல்கள் தமிழிலக்கியத்திற்குரிய 894.811-க்குச் சென்றுவிடுகின்றன. துயருற்றவர் நான்கு அலமாரிகளைத் துழாவ மாட்டார். வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்னும், நூலகவியல் அறிஞர் அரங்கநாதனின் நான்காம் விதி இவரிடத்தில்தான் முழுப்பொருள் பெறுகிறது. இந்நூல்களைத் திரட்டி ‘மரணம்’ என்னும் பலகையின்கீழ் அடுக்குவதும் பொருந்தாது, ஏனெனில் பிறர் காண அங்கு நிற்கப் பலர் கூசுவர். நூல்கள் தத்தம் இடத்திலேயே இருக்க, அவற்றின் எண்களைத் தொகுத்த ஒற்றைத் தாள் பட்டியலை எவரும் கேளாமலே எடுத்துச் செல்லுமாறு வைப்பது நலம்.

தேர்வில் கவனம் தேவை. மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் விவரித்த ஐந்து நிலைகள் இறப்பை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றியவை. இழப்புற்றோர் அனைவரும் அவ்வரிசையில் நடப்பர் எனக் கூறும் சுயமுன்னேற்ற நூல்கள், அழாதவரையும் நெடுநாள் அழுபவரையும் ஒருசேரக் குற்றவுணர்வில் தள்ளக்கூடும். துயரைக் கூட்டாகப் பாடித் தீர்த்த ஒப்பாரியின் தொகுப்புகள் அத்தகைய நூல்களைவிடத் தமிழ் வாசகருக்கு நெருக்கமானவை.

சட்ட நூல்களில் பதிப்பாண்டே முதன்மையானது. தேறும் வாய்ப்பற்ற நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டா என ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்னும் நிபந்தனையை 2023 ஜனவரியில் தளர்த்தி, இரு சாட்சிகளின் முன் கையொப்பமிட்டு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்று பெற்றால் போதும் என்றது. இடைப்பட்ட காலத்தில் அச்சான கையேடு இன்னும் இரவலுக்குச் செல்லுமாயின், ஒரு குடும்பம் தேவையற்ற அலைச்சலுக்கு உள்ளாகும். அதில் திருத்தக் குறிப்பை ஒட்டுவது நூலகரின் கடமை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டிற்கே வரும் ஆதரவு சிகிச்சையைப் பற்றிய விவரமும், அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணும், மனநல உதவிக்கான 14416 என்னும் எண்ணும் முன்சொன்ன பட்டியல் தாளின் பின்பக்கத்தில் இடம்பெறலாம். ஆறுதல் கூறும் பயிற்சி நூலகருக்கு இல்லாதிருக்கலாம். பயிற்சி பெற்றோர் எங்குள்ளனர் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.