பிழைக்க வந்தவனுக்கு அரசியல் எதற்கா?

"பிழைக்க வந்த ஊரில் சங்கம் எதற்கு?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். மெஸ்ஸாலி ஹாஜைப் பற்றி இவர்கள் கேள்விப்பட்டதில்லை போலும்!

1898-ல் அல்ஜீரியாவின் திலெம்சென் நகரில் பிறந்து, பாரிசுக்குப் பிழைக்கப் போனவர். அங்கே 1926-ல் கூலித் தொழிலாளர்கள் கூடி அமைத்த 'வட ஆப்பிரிக்க நட்சத்திரம்' சங்கத்தின் செயலாளர். மறு ஆண்டே, நேருவும் கலந்துகொண்ட பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் அல்ஜீரியாவுக்கு முழு விடுதலை கேட்டார். ஊரிலிருந்த படித்த கனவான்கள் பலர் அப்போது பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்!

1937-ல் அச்சங்கத்தைக் கலைத்தது யார்? சோஷலிஸ்டு லியோன் பிளூமின் மக்கள் முன்னணி அரசு! பிறகு ஆண்டுக்கணக்கில் சிறை.

1954-ல் ஆயுதம் எடுத்தவர்களில் முக்கியமானவர்கள் அவர் கட்சியில் வளர்ந்தவர்களே. அவர்கள் தலைமையை அவர் ஏற்கவில்லை. பிரான்சின் காப்பிக்கடைகளில் அல்ஜீரியத் தொழிலாளியை அல்ஜீரியனே சுட்டான். இந்தப் பழியில் இரு தரப்புக்கும் பங்குண்டு. 1962-ல் விடுதலை பெற்ற மண்ணுக்கு, 1974-ல் சவப்பெட்டியில்தான் திரும்பினார் மெஸ்ஸாலி.