தம் இடத்திற்கு வந்த இளைஞன்



பல ஆண்டுகள் உழைத்து ஒரு பொறுப்பில் நிலைபெற்றிருக்கிறோம். ஒருநாள் நம்மைவிட மிக இளையவர் ஒருவர் அதே பிரிவில் வந்து சேருகிறார். அவர் எதற்காகக் கொண்டுவரப்பட்டார் என்பது மேலாளருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்நாளில் நாம் அவரிடம் எவ்வாறு நடந்துகொள்வோம்? இங்கிலாந்தின் கால்பந்து வீரர் ஒருவர் இக்கேள்வியைத் தம் வாழ்வில் சந்தித்தார்.

டிக்சி டீன் என்று உலகம் அறிந்த வில்லியம் ரால்ஃப் டீன், 1907ஆம் ஆண்டு பர்க்கன்ஹெட் என்னும் ஊரில் இரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1925இல் லிவர்பூல் நகரின் எவர்ட்டன் கழகத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய மண்டையோடு முறிந்தது. இனி விளையாட முடியுமா என்று மருத்துவர்களே ஐயுற்றனர். அவரோ அதே ஆண்டில் மீண்டும் களமிறங்கினார்.

1927-28ஆம் ஆண்டுப் பருவத்தில் 39 லீக் ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 60. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஆர்சனல் அணிக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்து அந்த எண்ணிக்கையை எட்டியபோது அவருக்கு வயது 21. இங்கிலாந்தின் முதல்தர லீக்கில் அச்சாதனையை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை. எதிரணியினர் எத்தனை முரட்டுத்தனமாக மோதினாலும் அவர் பதிலுக்குப் பதில் செய்யவில்லை. தம் ஆட்ட வாழ்வில் ஒருமுறையேனும் அவர் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டதில்லை.

இத்தனை புகழுக்கும் கிடைத்த ஊதியம் என்ன தெரியுமா? 1922 முதல் லீக் விதித்திருந்த உச்சவரம்பு, ஆட்டப் பருவத்தில் வாரம் 8 பவுண்டு, கோடையில் 6 பவுண்டு. அக்காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் விடுவித்தாலொழிய வீரர் வேறு அணிக்குச் செல்ல இயலாத நிலை இருந்தது. 1930இல் எவர்ட்டன் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டபோதும் டீன் அவ்வணியிலேயே ஆடினார். 1931இல் இரண்டாம் பிரிவிலும், 1932இல் முதற்பிரிவிலும் எவர்ட்டன் முதலிடம் பெற்றது. 1933இல் அணித்தலைவராக எஃப்.ஏ. கோப்பையையும் அவர் பெற்றுத் தந்தார்.

1936ஆம் ஆண்டின் இறுதியில் டாமி லாட்டன் என்னும் 17 வயது இளைஞனை 6,500 பவுண்டு கொடுத்து எவர்ட்டன் வாங்கியது. அவனும் டீனைப்போலவே நடுமுன்னணி வீரன். தம் இடத்தை நிரப்பவே அவன் வந்திருக்கிறான் என்பதை டீன் உடனே உணர்ந்தார். ஆயினும் அவனை அரவணைத்து, பந்தைத் தலையால் அடிப்பதில் தமக்கிருந்த கைதேர்ந்த நுட்பத்தை ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கழக நிர்வாகத்தின்மேல் டீனுக்கு மனத்தாங்கல் இருந்தது. பிற்காலத்தில் அதை அவர் மறைக்கவும் இல்லை. எனினும் மேலிடத்தின்மேல் கொண்ட கசப்பை அவர் அந்த இளைஞனிடம் காட்டவில்லை. நம்மில் பலர் தவறுவது இவ்விடத்தில்தான். முதலாளியிடம் காட்ட முடியாத கோபத்தைப் புதிதாய் வந்தவரிடம் காட்டுகிறோம். தொழில் நுணுக்கங்களை அவருக்குச் சொல்லாமல் மறைக்கிறோம். அவரும் நம்மைப்போல் பிழைப்புக்காக வந்தவர்தாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

1938 மார்ச்சில் டீன் 3,000 பவுண்டுக்கு நாட்ஸ் கவுன்டி கழகத்திற்கு விற்கப்பட்டார். எவர்ட்டனுக்காக மொத்தம் 383 கோல்கள் அடித்தவர் அவர். 1939இல் எவர்ட்டன் மீண்டும் முதற்பிரிவில் வென்றது. அப்பருவத்தில் லீக்கிலேயே மிகுதியான கோல்களை அடித்தவர் லாட்டன்.

டீனைப் பாராட்டி நிதி திரட்டும் ஆட்டம் 1964இல்தான் நடைபெற்றது. முதுமையில் ஒரு காலையும் இழந்தார். 1980 மார்ச் 1 அன்று, எவர்ட்டனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், தாம் ஆடிய அதே குடிசன் பார்க் அரங்கில் அவர் உயிர் பிரிந்தது.

நம் நாற்காலி என்றேனும் ஒருநாள் வேறொருவருக்குப் போகும். அதைத் தடுக்க நம்மால் இயலாது. அதில் அமர வருகிறவருக்கு நாம் எதைக் கற்றுக்கொடுத்தோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. நாளைக் காலையில் உங்கள் அலுவலகத்தில் அப்படி ஓர் இளைஞர் காத்திருந்தால், அவரை அன்போடு அருகில் அழையுங்கள்.